ஆட்டு வால் மயிரில் தூண்டில் இரை கட்டுதல்: பரவைக்கடல் மீனுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடு அடித்துப் பங்கு போடும் இடத்தில் இறைச்சிக்கும் ஈரலுக்கும் தலைக்கும் ஆள் நிற்கும். வாலுக்கு எவரும் வருவதில்லை. தோலோடு போய்விடும், இல்லையென்றால் நாய் இழுத்துக்கொண்டு போகும். அந்த ஒரு வாலின் மயிரில், யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலில் (ஆழமில்லாத கடல்நீரேரியில்) கொடுவாவும் பாரையும் எடுக்கக்கூடிய இரை பத்துக்குக் குறையாமல் கட்டலாம்.

தூண்டிலில் மயிரைக் கட்டிச் செய்யும் இந்தப் போலி இரையை ஆங்கிலத்தில் ‘ஃபிளை’ என்பார்கள். ஆற்று மீனுக்கு ஈ, பூச்சி போலக் கட்டத் தொடங்கியதால் வந்த பெயர். கடலில் ஈக்கு வேலையில்லை. நெத்தலி, சூடை, இறால் இவற்றின் சாயலில்தான் கட்டவேண்டும். ஆகவே இங்கே ‘மயிர் இரை’ என்றே எழுதுகிறோம். வெளிநாட்டில் இதற்கு வெண்வால் மானின் வால் மயிரைப் பயன்படுத்துகிறார்கள். அதை வரவழைக்கும் காசுக்கு இரண்டு கிலோ மீனே வாங்கிவிடலாம். ஆட்டு மயிர் அதே வேலையைச் செய்யும். ஆனால் அதன் குணம் வேறு, அதனால் கட்டும் முறையிலும் இரண்டொரு மாற்றம் உண்டு. கடையில் வாங்கிய மயிருக்கென எழுதிய செய்முறையை அப்படியே ஆட்டு மயிரில் செய்பவர்களுக்கு மூன்றாம் எறிவிலேயே மயிர் கழன்றுவிடுவது இதனால்தான்.

எந்த மயிர், உடம்பின் எந்த இடத்தில்

மான் வால் மயிரின் அடிப்பகுதிக்குள் காற்றறை உண்டு. நூலை இறுக்கினால் அது நசிந்து விரிந்து, தன் இடத்தில் தானே பூட்டிக்கொள்ளும். ஆட்டு வால் மயிர் அந்தளவு நசியாது. வழுவழுப்பானது, கெட்டியானது. நூலுக்கடியில் வழுக்கும். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால், கீழே பசை எங்கே, எத்தனை தரம், ஏன் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

வால் மயிர்தான் முதல்தரம். வளர்ந்த ஆட்டில் 6 முதல் 10 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும், நுனி ஒடுங்கி நிற்கும், தண்ணீரில் நனைந்தாலும் சோர்ந்து ஒட்டாது. ஜமுனாபாரி கலப்பு ஆடுகளின் பின்தொடையில் தொங்கும் மயிர் இதைவிட நீளம், மினுக்கமும் மென்மையும் கூட. பெரிய இரைக்கு அது நல்லது, ஆனால் மென்மையானபடியால் தூண்டில் வளைவில் சுற்றிக்கொள்ளும். முதுகுத்தண்டு வழியே நிற்கும் மயிர் குட்டை, விறைப்பு. சின்ன இரைக்கும் இறாலின் காலுக்கும் போதும். கிடாயின் தாடி நீளமாக, அழகாக இருக்கும். ஆனால் அதன் மணத்தைப் பற்றி நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூன்று கழுவலுக்குக் குறைந்து போகாது.

மாட்டு வால் நுனிக் குஞ்சம் மிகத் தடிப்பு. தனியே அதில் கட்டினால் இரை தும்புத்தடி போல இருக்கும். ஆட்டு மயிரோடு பத்துப் பதினைந்து மயிர் மட்டும் கலந்தால் கற்றைக்கு முதுகெலும்பு கிடைக்கும். கன்றுக்குட்டி வால் மயிர் சுருள், சிறிய இரைக்கு உதவும்.

அடிப்பஞ்சு, அதாவது வெளிமயிருக்குக் கீழே இருக்கும் மென்மயிர், இறால் உடம்பு உருட்டுவதற்கு வேண்டும். எங்கள் வெக்கைக்கு ஆட்டில் அது மிகக் குறைவு. குளிர்நாட்டு ஆட்டில்தான் தாராளம். அதற்கு வீட்டுச் சடைநாயைச் சீவும்போது சீப்பில் வருவதைச் சேர்த்து வையுங்கள். பூனை மயிரும் சரி. வளர்ப்பு முயல் இருந்தால் அதைவிட மேல் வேறில்லை.

அணில், கீரி, மயில் பக்கம் போகவேண்டாம். வனவிலங்குகளைக் காக்கும் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இலங்கையில் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தை விட்டாலும், அவற்றால் ஆகும் எதுவும் ஆட்டாலும் சேவலாலும் ஆகும்.

நோய்ப்பட்டுச் செத்த விலங்கின் மயிரை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். அடைப்பான் (அந்திராக்ஸ்) நோய்க் கிருமியின் வித்து மயிரிலும் தோலிலும் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். உணவுக்காக அடித்த ஆரோக்கியமான ஆட்டின் மயிர் போதும். பதப்படுத்தும் முதல் நாளில் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

வாலைப் பதப்படுத்தல்

இரண்டு வழி உண்டு. தோலில்லாமல் மயிரை மட்டும் வெட்டி எடுப்பது ஒன்று. சின்னக் கற்றைகளாகப் பிடித்து, அடியோடு வெட்டி, ஒவ்வொன்றையும் அடிப்பக்கத்தில் றப்பர் வளையத்தால் கட்டுங்கள். நுனியும் அடியும் மாறிக் கலந்துவிட்டால் அந்த மயிர் குப்பைக்குத்தான். மீண்டும் பிரித்தெடுக்கப் பொறுமை உள்ளவரை இதுவரை காணவில்லை.

இரண்டாவது, வாலை முழுதாக வைத்திருப்பது. கட்டும்போது வேண்டியதை மட்டும் வெட்டலாம், மயிரும் ஒழுங்காக நிற்கும். வாலின் உட்பக்கம் நீளவாட்டில் கீறி, எலும்பை உருவி எடுத்து, கொழுப்பைக் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். கொழுப்பு மிஞ்சினால்தான் பிறகு நாறும். உட்பக்கம் முழுவதும் பொடி உப்பை அரை சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்பி நிழலில் வையுங்கள். மறுநாள் உப்பு நீர்விட்டு நனைந்திருக்கும். அதைத் தட்டிவிட்டுப் புது உப்பு. மூன்றாம் நாளும் அப்படியே. பிறகு காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம். வெயிலில் போடாதீர்கள். தோல் சுருண்டு, மயிர் பிடி இழக்கும். மாரிக்காலத்தில், கார்த்திகை மார்கழியில், இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஈரக்காற்றில் உப்பு காயாது, பூஞ்சணம் பிடிக்கும்.

கழுவுவதில்தான் யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிக்கல். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது, கடினத்தன்மை கூடியது. கட்டிச் சவர்க்காரம் போட்டால் நுரை வராமல் வெள்ளைப் பிசுக்கு படியும். அந்தப் பிசுக்கு மயிரில் ஒட்டினால் சாயமும் ஏறாது, பசையும் பிடிக்காது. ஆகவே சவர்க்காரத்துக்குப் பதில் ஷம்பூவோ பாத்திரம் கழுவும் திரவமோ எடுங்கள். ஒரு வாலுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் 2 லீற்றர், திரவம் ஒரு தேக்கரண்டி. 20 நிமிடம் ஊறவிட்டு, நுனி நோக்கி விரலால் வழித்துக் கழுவுங்கள். கசக்கவேண்டாம், கசக்கினால் சிக்குப் பிடிக்கும். தண்ணீர் தெளிவாக வரும்வரை திருப்பிச் செய்யுங்கள். கடைசி அலசலில் ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டால் சுண்ணாம்புப் படிவும் மணமும் போகும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது.

காய்ந்ததும் ஒரு மயிரை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் உருவிப் பாருங்கள். கிறீச்சென்று பிடித்தால் எண்ணெய் போய்விட்டது. வழுக்கிக்கொண்டு போனால் இன்னொரு கழுவல் வேண்டும்.

நிறம்

கறுப்பு, வெள்ளை, மண்ணிறம் மூன்றும் ஆட்டிலேயே இருக்கின்றன. தொடங்குகிறவர் சாயம் பக்கமே போகாமல் ஒரு வெள்ளை வால், ஒரு கறுத்த வால் இரண்டோடு ஒரு வருடம் ஓட்டலாம். மேலே கருமை, கீழே வெள்ளை: சிறுமீன் எல்லாம் அப்படித்தானே இருக்கிறது.

நிறம் வேண்டுமென்றால், உணவுக்குப் போடும் கலறிங் தூள் போதும். அது மயிர், கம்பளி போன்ற விலங்கு நாரில் புளிப்பின் உதவியோடு பிடிக்கும். நூல்துணியில் பிடிக்காது. உலர்ந்த மயிர் 10 கிராமுக்குத் தண்ணீர் 1 லீற்றர், வினாகிரி 3 மேசைக்கரண்டி, தூள் 1 தேக்கரண்டி. மயிரை முதலில் வெறும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி ஊறவையுங்கள். உலர்ந்த மயிரை நேரே போட்டால் திட்டுத்திட்டாக ஏறும். பழைய சட்டியில் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கி, கொதிக்கவிடாமல் 30 நிமிடம் வையுங்கள். கொதித்தால் மயிர் முறியும், வால் தோலோடு இருந்தால் தோல் வெந்து மயிர் உதிரும். அதனால் சாயத்துக்கு வெட்டிய கற்றைகளே நல்லது. தண்ணீரிலேயே ஆறவிட்டு எடுத்தால் நிறம் இன்னும் ஆழமாகும்.

இறால் நிறத்துக்குத் தேயிலை போதும். தேயிலைத் தூள் 4 மேசைக்கரண்டியை ஒரு லீற்றர் தண்ணீரில் காய்ச்சி வடித்து, வெள்ளை மயிரை ஒரு மணி நேரம் போடுங்கள். அதே சாயத்தில் துருப்பிடித்த ஆணி இரண்டைப் போட்டு வைத்தால் சாம்பல் கலந்த இருண்ட நிறம் வரும். மஞ்சள் சாயம் ஏற்கெனவே ஏற்றிய மயிரை அதில் பத்து நிமிடம் காட்டினால் சாதாளையின் (கடற்புல்லின்) நிறம். நெடுநேரம் விடாதீர்கள், இரும்பு மயிரை நொறுக்கிவிடும். சமையல் மஞ்சளும் பிடிக்கும்தான், இரண்டு நாள் வெயிலில் போய்விடும்.

சாமான்

தூண்டில்: வளையக் காது உள்ளது, துருப்பிடிக்காத உருக்கு அல்லது வெள்ளீய முலாம் பூசியது, 1/0 அளவு. காதில்லாமல் தட்டையான தலை உள்ளதை எடுக்காதீர்கள். முடிச்சைச் சுற்றி மயிர்த்தலை வரும்போது தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) வழுக்கும். முதல் இரையை 6, 8 போன்ற சின்னத் தூண்டிலில் பழகாமல் 1/0 இலேயே பழகுங்கள். கைக்கு இடம் இருக்கும்.

நூல்: பொலியெஸ்ரர் தையல் நூல். கொட்டன் நூல் உப்புத் தண்ணீரில் உக்கும். வலை பொத்தும் நைலோன் நூலும் சரி, ஆனால் அதன் முறுக்கை அவிழ்த்து ஒரு புரியை மட்டும் எடுக்கவேண்டும். முழுநூலில் கட்டினால் தலை மிளகாய்ப்பழம் போல வீங்கும். கட்டத் தொடங்குமுன் நூலை இழுத்து எந்த இழுவையில் அறுகிறது என்று இரண்டு மூன்று தரம் பார்த்துக் கையைப் பழக்குங்கள். அறும் எல்லைக்குச் சற்றுக் கீழேதான் எல்லாச் சுற்றும் இருக்கவேண்டும். நூல் இழுவை தளர்ந்த இரை ஒரு மீனைக்கூடத் தாங்காது.

பிடிப்பான்: மேசை விளிம்பில் இறுக்கிய சிறு வைஸ், அல்லது பூட்டுக் குறட்டை மேசையில் கட்டிவைத்தாலும் போதும். நூலைத் தொங்கவிட ஓர் உடுப்புக் கிளிப். கையை எடுக்கும்போதெல்லாம் கிளிப்பை நூலில் கவ்வவிட்டால் அதன் பாரமே சுற்றை அவிழாமல் வைத்திருக்கும். கூரான சின்னக் கத்தரி, பேன் சீப்பு, சாவணம், சுப்பர் குளூ, நிறமில்லாத நகப்பூச்சு, முடிந்தால் ஐந்து நிமிட எப்பொக்சி.

கண்: கை கழுவும் தொட்டி மூடியில் வரும் மணிச் சங்கிலியில் இரண்டு மணியைச் சேர்த்து வெட்டினால் கண் தயார். பாரம் கூட வேண்டுமென்றால், 1 மில்லிமீற்றர் கம்பியில் 1 சென்ரிமீற்றர் துண்டு வெட்டி, இரு நுனியிலும் பிளவுள்ள சிறு ஈயக்குண்டை நசித்துப் பூட்டுங்கள். ஈயத்தைப் பல்லால் கடிக்கும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. குறட்டால் நசித்து, பிறகு கை கழுவுங்கள்.

மினுக்கம்: பழைய சேலைக் கரையின் சரிகை. இப்போதைய சரிகை பெரும்பாலும் உலோகம் பூசிய பிளாஸ்ரிக் இழைதான், உப்பில் கறுக்காது. ஊசியால் ஒவ்வோர் இழையாக உருவி எடுக்கலாம். அசல் வெள்ளிச் சரிகை என்றால் அதை மீனுக்குக் கொடுக்காதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

நெத்தலி இரை: படிப்படியாக

கீழே வருவது பொப் கிளவுசர் என்ற அமெரிக்கர் பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா ஆற்றில் 1980களில் உருவாக்கிய வடிவத்தின் அடிப்படை. ஆற்று மீனுக்கென்று பிறந்தது, இன்று உலகமெங்கும் கடலில் ஓடுகிறது. எங்கள் பரவைக்கடலுக்கு இது பொருந்துவதற்குக் காரணம், தூண்டில் முனை மேல்நோக்கி நிற்பது. சாதாளைக்கு மேலால் இழுத்தாலும் கொளுவாது.

1. தூண்டிலின் வளைவை வைஸில் இறுக்குங்கள், தண்டு கிடையாக இருக்கட்டும். காதுக்கு 2 மில்லிமீற்றர் பின்னால் நூலைத் தொடங்கி, பத்துச் சுற்று பின்னோக்கிப் போய், தொங்கும் நுனியை வெட்டுங்கள். தண்டின் நடுவரை நெருக்கமாகச் சுற்றித் திரும்பி வாருங்கள். வெறும் உருக்கின்மேல் எதையும் கட்டக்கூடாது, சுழலும்.

2. தண்டின் நீளம் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர். அதில் மூன்றிலொரு பங்கு, காதிலிருந்து 1 சென்ரிமீற்றர், கண்ணுக்கான இடம். அந்த இடத்தில் நூலைக் குவித்து ஒரு சின்ன மேடு செய்யுங்கள். கண்ணைத் தண்டின் மேற்பக்கம் குறுக்காக வையுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு எட்டுச் சுற்று, மறு மூலைவாட்டில் எட்டுச் சுற்று, இப்படி எட்டு என்ற எண் வடிவில் போகவேண்டும். பிறகு கண்ணுக்கும் தண்டுக்கும் இடையில், தண்டைத் தொடாமல், கிடையாக ஆறு சுற்று. இதுதான் முன்போட்ட சுற்றுகளை இறுக்கும். ஒரு துளி சுப்பர் குளூ. விரலால் முறுக்கிப் பாருங்கள். அசைந்தால் இப்போதே அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள், பின்னால் சரிசெய்ய வழியில்லை.

கண் ஏன் மேற்பக்கம்? பாரம் உள்ள பக்கம் தண்ணீரில் கீழே போகும். அப்போது தூண்டில் கவிழ்ந்து முனை மேலே வரும்.

3. வெள்ளை மயிர். வாலில் ஒரு கற்றையைச் செங்குத்தாகத் தூக்கி அடியோடு வெட்டுங்கள். நுனிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைப் பேன் சீப்பால் மூன்று நான்கு தரம் சீவுங்கள். குட்டை மயிரும் பஞ்சும் கழன்று வரும். இதைச் சீவாமல் விட்டால் நூல் பஞ்சைப் பிடிக்கும், மயிரைப் பிடிக்காது. மிஞ்சிய கற்றையை இரு விரலால் இறுக்கினால் நெருப்புக்குச்சியைவிட மெல்லிசாக இருக்கவேண்டும். தொடங்குகிறவர் எல்லோரும் இதன் மூன்று மடங்கு எடுப்பார்கள். உலர்ந்திருக்கும்போது இது வறுமைப்பட்ட இரையாகத் தெரியும். தண்ணீரில்தான் அதன் அழகு.

நுனிகளை மட்டமாக அடுக்காதீர்கள். சற்று முன்பின்னாக இருந்தால்தான் வால் ஒடுங்கும். நீளம் கூடிப்போனால் அடியில் வெட்டுங்கள். நுனியில் ஒருபோதும் கத்தரி படக்கூடாது.

4. முழு இரையின் நீளம் 7 அல்லது 8 சென்ரிமீற்றர் வரும்படி அளந்து, கற்றையின் அடியைச் சரிவாக வெட்டி, அந்த வெட்டுவாயில் ஒரு பொட்டு சுப்பர் குளூ தொடுங்கள். ஆட்டு மயிருக்கு இது கட்டாயம். கண்ணுக்கு முன்னால், தண்டின் மேற்பக்கம் வைத்து, முதல் இரண்டு சுற்றைத் தளர்வாகப் போட்டு, மூன்றாவதில் நேரே கீழ்நோக்கி இழுத்து இறுக்குங்கள். முதற்சுற்றிலேயே இறுக்கினால் வழுவழுத்த மயிர் தண்டைச் சுற்றி உருண்டு மறுபக்கம் போய்விடும். இன்னும் எட்டு இறுகிய சுற்று. பிறகு மயிரை இரு கண்ணுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் படியவைத்து, கண்ணுக்குப் பின்னால் ஐந்து சுற்று. பின்சுற்றை மிக இறுக்கினால் மயிர் விசிறி போலக் கிளம்பும். மிதமாகப் போதும்.

5. தூண்டிலைக் கவிழ்த்து, முனை மேலே வரும்படி வைஸில் மாட்டுங்கள். நூல் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும். சரிகை இழை நான்கை நடுவில் மடித்துக் கட்டினால் எட்டு நுனி கிடைக்கும். மயிரைவிட 1 சென்ரிமீற்றர் நீட்டி வெட்டுங்கள். எட்டுக்கு மேல் வேண்டாம். தெளிந்த தண்ணீரில் மினுக்கம் கூடினால் மீன் பின்னால் வந்து பார்த்துவிட்டுத் திரும்பும்.

6. கறுப்பு அல்லது இருண்ட மயிரை முதற்கற்றையின் அதே பருமனில், அதே முறையில் சீவி, பசை தொட்டு, கண்ணுக்கு முன்னால் கட்டுங்கள். இது தூண்டில் முனையின் இருபுறமும் பிரிந்து அதை மறைத்து நிற்கும். இந்தக் கற்றையைக் கண்ணுக்குப் பின்னால் கட்டவேண்டாம்.

7. அடிமயிர் நுனிகள் வெளியே தெரியாமல் நூலால் மூடி, காதை நோக்கி ஒடுங்கும் தலையாகச் சுற்றுங்கள். காதுக்குப் பின்னால் 1 மில்லிமீற்றர் வெறுமையாக விடுங்கள். இல்லையென்றால் தங்கூசி கட்டும்போது திட்டுவீர்கள். முடிக்க, உள்ளே மை இல்லாத பேனைக் குழாயின் நுனியில் நூலை ஒரு தடம் போட்டு, அதைக் காதின்மேல் வைத்துத் தலைக்குத் தள்ளி இறுக்குங்கள். இப்படி ஆறு அரைமுடிச்சு. வெட்டி, நகப்பூச்சு மூன்று பூச்சு, ஒன்றுக்கொன்று அரை மணி இடைவெளி. எப்பொக்சி என்றால் ஒரு மெல்லிய பூச்சே போதும், காயும்வரை ஐந்து நிமிடம் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும்.

காய்ந்த பிறகு வாளித் தண்ணீரில் முழுவதும் நனைத்து, காதில் ஒரு முழத் தங்கூசி கட்டி இழுத்துப் பாருங்கள். முனை மேலே நிற்கிறதா, நேரே ஓடுகிறதா, விட்டதும் தலைகுத்தி இறங்குகிறதா? மூன்றும் சரியென்றால் அடுத்ததைக் கட்டலாம்.

இறால் இரை

இது சுருக்கம்தான். 2 அல்லது 4 இலக்கத் தூண்டில். வளைவுக்கு மேலே தேயிலைச் சாயமிட்ட முதுகுமயிர் பத்துப் பன்னிரண்டு, 2 சென்ரிமீற்றர் நீளத்துக்கு மீசையாக. மணிச் சங்கிலிக் கண்ணை நெத்தலி இரைபோலவே காதுப் பக்கம் கட்டுங்கள். இறால் பின்னோக்கி ஓடும் பிராணி, ஆகவே மீசை வளைவுப் பக்கம் இருப்பதுதான் சரி.

உடம்புக்கு நாய் மயிர். ஒன்றரைச் சென்ரிமீற்றராக வெட்டி, வெட்டிய சரிகைத் தூள் கொஞ்சம் சேர்த்து, மூடியுள்ள போத்தலில் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரத் திரவமும் விட்டுக் குலுக்குங்கள். எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். வடித்து அலசி நிழலில் காயவைத்தால் பஞ்சுத் திரள் தயார். நூலில் தேன்மெழுகு தேய்த்து, பஞ்சை மிக மெல்லிசாகப் பரப்பி, ஒரே திசையில் உருட்டினால் நூலோடு ஒட்டித் திரியாகும். மெழுகுதிரி மெழுகு இதற்கு ஆகாது, வழுக்கும். திரியை வளைவிலிருந்து கண்வரை சுற்றிக் கட்டி முடித்து, பழைய பல்துலக்கியால் முனைக்கு எதிர்ப்பக்கம் கீறிவிட்டால் அங்கே மயிர் கிளம்பிக் காலாகும். உடம்பு தடித்தால் மூழ்காது. நாய்மயிர் காற்றைப் பிடித்து வைத்திருக்கும், முதல் எறிவுக்கு முன் தண்ணீருக்குள் நசித்துப் பிழியுங்கள்.

எங்கே பிழைக்கிறது

மயிர் உருவிக்கொண்டு வருகிறதென்றால் மூன்றில் ஒன்று: எண்ணெய் போகவில்லை, பஞ்சு சீவவில்லை, அல்லது கற்றை தடிப்பு. தடித்த கற்றையில் நூல் வெளிமயிரை மட்டும் நெரிக்கும், நடுவிலுள்ளது சும்மா நிற்கும். பசை அதுவரை ஊறாது. சரியான பருமனில், பசை தொட்டுக் கட்டியதிலும் மயிர் போனால் பேத்தை மீனைச் சந்தேகியுங்கள். கத்தரியால் வெட்டியது போல வால் மட்டம் தட்டப்பட்டிருந்தால் அதன் வேலைதான். இரையை மாற்றிப் பயனில்லை, இடத்தை மாற்றுங்கள்.

இழுக்கும்போது இரை சுழன்று தங்கூசி முறுக்கினால் கற்றை ஒருபக்கம் சரிந்திருக்கிறது, அல்லது கண் கோணல். முனை கீழேயே நின்றால் தடித்த கம்பித் தூண்டிலுக்கு மணிச் சங்கிலியின் பாரம் போதவில்லை, ஈயக் கண் போடுங்கள். வால் மயிர் வளைவில் சுற்றிக்கொண்டே இருந்தால் மயிர் மென்மை. தொடைமயிரில் கட்டியதில்தான் பெரும்பாலும் இது வரும். அடியில் மாட்டு வால் மயிர் பத்தைக் கலந்து கட்டினால் நிற்கும், அல்லது வளைவுக்குப் பின்னால் நீளும் பகுதியைத் தண்டின் ஒன்றரை மடங்குக்குள் குறையுங்கள்.

தலைப்பூச்சு வெடித்தால் முதற்பூச்சு காயுமுன் இரண்டாவதைப் பூசியிருக்கிறீர்கள்.

தண்ணீரில்

ஃபிளைத் தடியும் தடித்த கயிறும் இங்கே அதிகம் பேரிடம் இல்லை. அது இல்லாமலும் எறியலாம். சாதாரண றீல் தடியில், தண்ணீர் நிரப்பக்கூடிய கண்ணாடிநிறக் குமிழ் மிதவையைக் கோத்து, அதன்கீழ் ஒன்றிலிருந்து ஒன்றரை மீற்றர் தங்கூசி, நுனியில் இரை. எறியும் பாரத்தை மிதவை தரும். ஈயக் கண் போட்ட பெரிய இரையை மெல்லிய கயிற்றில் மிதவையில்லாமலே எறியலாம்.

கொடுவாவின் வாய் அரம் போன்றது, செவுள்மூடி கத்தி. நுனித் தங்கூசி 0.50 முதல் 0.60 மில்லிமீற்றர் வேண்டும். கிளக்கன், சின்னச் செம்பல்லிக்கு 0.30 போதும். சீலா (கூரான பல்லுள்ள மீன்) உள்ள இடத்தில் ஒரு சாண் மெல்லிய கம்பி போடுங்கள், கட்டிய உழைப்பாவது மிஞ்சும். இரையைக் காதோடு இறுக்காமல் ஒரு சின்ன வளைய முடிச்சில் தொங்கவிட்டால் தலை அசைந்து உயிர் வரும்.

பரவைக்கடல் பெரும்பாலும் இரண்டு மீற்றருக்குள் ஆழம், வற்றுப்பெருக்கும் சிறிது. தண்ணீர் ஓடுவது பாலத்து மதகுகளிலும் ஒடுங்கிய வாய்க்கால்களிலும்தான், இரைமீன் அங்கேதான் அடிபட்டு வரும். பண்ணை, பொன்னாலை, சங்குப்பிட்டி போன்ற இடங்களில் ஓட்டத்துக்குக் குறுக்கே எறிந்து, ஓட்டத்தோடு அள்ளுண்டு போகவிட்டு, ஒரு முழம் இழுத்து இரண்டு எண்ணும்வரை நிறுத்துங்கள். இரை தலைகுத்தி இறங்கும் அந்த நிறுத்தத்தில்தான் பெரும்பாலும் அடிக்கும். கயிறு தளராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாலத்தில் எறியும்போது பின்னால் வரும் சைக்கிளையும் மோட்டார்சைக்கிளையும் பார்த்துக் கை வீசவேண்டும். சிறகுவலைக் கம்புகளுக்குக் கிட்ட எறியவேண்டாம். இரை போவது ஒருபுறம், வலை அடுத்தவருடைய பிழைப்பு.

மழைக்குப் பின் கலங்கிய தண்ணீருக்கும் மம்மல் பொழுதுக்கும் முழுக்கறுப்பு. கலங்கலில் நிறம் தெரியாது, உருவத்தின் நிழல்தான் தெரியும். வெயில்காலத் தெளிவில் மண்ணிறமும் வெள்ளையும், மினுக்கம் நான்கு நுனியாகக் குறைத்து.

வீட்டுக்கு வந்ததும் இரைகளை நல்ல தண்ணீரில் அலசி, நுனியை விரலால் நேராக்கி, முழுவதும் காய்ந்தபின் பெட்டியில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் ஒரு தூண்டிலின் துரு முழுப்பெட்டிக்கும் பரவும். கட்டாத வால்களுக்குத் துருவை விடப் பூச்சிதான் எதிரி. தோலில் பொடிப்பொடியாகத் தூள் கொட்டியிருந்தால் புழு புகுந்துவிட்டது. இறுக்கிக் கட்டிய பையில் மூன்று நாள் ஆழ்குளிரூட்டியில் வைத்து, ஒரு நாள் வெளியே விட்டு, மீண்டும் மூன்று நாள் வையுங்கள். பிறகு மூடி இறுகிய பிளாஸ்ரிக் போத்தலில் பூச்சி உருண்டை இரண்டோடு போட்டுவிடலாம். ஆழ்குளிரூட்டியில் வைக்குமுன் பையின்மேல் என்னவென்று எழுதி ஒட்டுங்கள், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சமைக்க எடுத்துவிடுவார்கள்.